காய்ச்சலுக்குச் சராசரி போட்டவன்

அன்று வீட்டுக்குள் இருந்தவர்கள் மூன்று பேர். நான், என் மனைவி, ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்த என் மகள். நான்காவது ஆள் ஜன்னல் கம்பிக்கு வெளியே மழைக்கோட்டோடு நின்றார். என்னோடு ஒரே கம்பெனியில் வேலை பார்த்த மராத்திக்காரர். அவரை உள்ளே விடாதது நான்தான். புனேயில், போசரி தொழிற்பேட்டையை ஒட்டி நாங்கள் குடியிருந்த வீட்டில், 2003-ஆம் வருடம் மழைக்காலத்தில் ஒரு வியாழக்கிழமை இது நடந்தது. எங்கள் பக்கத்துக் கம்பெனிகளுக்கு வியாழன்தான் வார விடுமுறை. விடாத மழை என்பதால் மகளுக்கும் பள்ளி இல்லை.

அதற்கு ஒரு வருடம் முன்னால் கம்பெனியில் எல்லாருக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். எனக்கு மட்டும் வெள்ளை அணுக்கள் எக்கச்சக்கமாக இருந்தன. திரும்பத் திரும்பப் பரிசோதித்துவிட்டு, நாள்பட்ட வகை ரத்தப் புற்றுநோய் என்றார்கள். மெதுவாகப் போகிற நோய், இப்போதைக்கு மருந்து வேண்டாம், மூன்று மாதத்துக்கு ஒரு முறை வந்து காட்டினால் போதும் என்றார் பெரிய டாக்டர். கேட்டவர்கள் எல்லாம் நல்லதாகப் போயிற்று என்றார்கள். எனக்கோ, மருந்தே வேண்டாம் என்று சொன்னதுதான் தூக்கத்தைக் கெடுத்தது. புற்றுநோய்க்கு மருந்து வேண்டாமென்றால் கைவிட்டுவிட்டார்கள் என்றுதானே அர்த்தம் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

இன்னொன்றும் சொன்னார். இந்த நோய் உள்ளவர்களுக்குக் கிருமியை எதிர்க்கிற சக்தி குறைவு, காய்ச்சல் நூறு புள்ளி நான்கைத் தொட்டால் இரவு பகல் பார்க்காமல் வந்துவிட வேண்டும் என்று. என் ஆஸ்பத்திரி அட்டையின் பின்பக்கம் அந்த எண்ணை எழுதி வட்டம் போட்டுக் கொடுத்தார்.

நான் சும்மாவே பயந்தவன். மகள் வரப் பத்து நிமிடம் தாமதமானால் பஸ் ஸ்டாப்புக்கு ஓடுகிறவன். கேட்க வேண்டுமா? கடைத்தெருவுக்குப் போவதை விட்டேன். கல்யாணம், விசேஷம் எதற்கும் போகவில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும் ஜன்னலோடு பேசி அனுப்பினேன். வாயில் துணி கட்டிக்கொண்டு வேலைக்குப் போனதைப் பார்த்து, நான் ஜைன சாமியாராகப் போகிறேன் என்று ஷாப்பில், அதாவது கம்பெனியின் மெஷின் கூடத்தில், பேசிக்கொண்டார்கள். அந்த மழைக்காலத்தில் ஷாப்பில் நாலு பேருக்குச் சளி பிடித்ததும் லீவு போட்டு வீட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

நான் எட்டாவதோடு படிப்பை விட்டவன். ஆனால் அளக்கத் தெரியும். கம்பெனியில் எனக்கு, கடைந்து வரும் இரும்புப் பாகங்களைச் சரிபார்க்கிற இன்ஸ்பெக்‌ஷன் வேலை. மைக்ரோமீட்டரை ஒரே இடத்தில் மூன்று முறை வைத்துப் பார்த்து, சராசரி எழுதுவேன். கைப்பிசகு இருந்தால் அதில் அடிபட்டுப் போகும். இருபது வருடப் பழக்கம்.

அந்தக் கோடையில் தொண்ணூற்றொன்பது காய்ச்சலுக்கே மூன்று தடவை ஆஸ்பத்திரிக்கு ஓடியிருந்தேன். மூன்றாவது தடவை அங்கிருந்த சின்ன டாக்டர் சிரித்துவிட்டார். கெட்ட சிரிப்பு இல்லை. ஆனாலும் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. இனி ஒழுங்காக அளந்து, நிச்சயம் ஆனால்தான் போவது என்று ஒரு நோட்டுப் போட்டேன். ஒரு நாளைக்கு மூன்று தடவை தெர்மாமீட்டர் வைத்து, எழுதி, சராசரி போட்டு, லிமிட்டுக்குள் இருந்தால் ஒரு டிக்.

வியாழக்கிழமைக்கு வருவோம். ஜன்னலுக்கு வெளியே நின்ற மராத்திக்காரர் என் லீவு பாரத்தில் கையெழுத்து வாங்க வந்திருந்தார்.

"ஏங்க, மழையில நிக்கிறாரு. உள்ள கூப்பிட்டா என்ன?" என்றாள் மனைவி.

"தும்மறாரா பாரு."

மகள் எட்டிப் பார்த்தாள். "தும்மலப்பா, சிரிக்கிறாரு."

அவர் கம்பிக்கு வெளியிலிருந்து கும்பிட்டு, "என்ன மகராஜ், இன்னிக்கு உபதேசம் எத்தனை மணிக்கு?" என்றார். ஜைன சாமியார்களை அங்கே மகராஜ் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் மராத்தியில் பேசியதைத்தான் தமிழில் எழுதுகிறேன்.

பாரத்தை வாங்கினேன். அவர் பேனாவை வாங்காமல் என் பேனாவாலேயே, கைக்குக் கிடைத்த நோட்டை அடியில் வைத்துக் கையெழுத்துப் போட்டேன். போட்டுவிட்டு, நோட்டோடு சேர்த்தே வெளியே நீட்டிவிட்டேன். பாரத்தை மடித்துப் பையில் வைத்தவர் நோட்டைப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

"அண்ணா, இது என்ன?"

"டெம்பரேச்சர். மூணு தடவை பார்த்துச் சராசரி போடறேன். எல்லாம் லிமிட்டுக்குள்ளதான் இருக்கு."

"நேத்து நூத்தியொண்ணு புள்ளி ரெண்டுன்னு இருக்கே?"

"அது ஒரு தடவைதான். டீ குடிச்ச சூடா இருக்கும். மாத்திரை போட்டேன், இறங்கிடுச்சு. சராசரி நூறுகூட வரலை பாருங்க."

அதற்கு முந்தின நாளும் அப்படித்தான். ஒரு தடவை நூறைத் தாண்டி, மாத்திரைக்குப் பிறகு இறங்கி, சராசரியில் டிக் வாங்கியிருந்தது. இரண்டு நாளாகக் குளிரும் இருமலும் இருந்தும் நான் நிம்மதியாக இருந்தேன். ஒரு வருடத்தில் நான் பயப்படாத இரண்டு நாட்கள் அவைதான்.

அவர் நோட்டை விரலால் தட்டினார். "ஷாஃப்ட்ல ஒரு இடம் லிமிட் தாண்டியிருக்கு. மத்த ரெண்டு இடம் சரியா இருக்குன்னு சராசரி போட்டுப் பாஸ் பண்ணுவீங்களா?"

நோட்டைத் திருப்பி வாங்கக் கை நீட்டினேன். அவர் தரவில்லை.

"போன மாசம் என் பீஸைப் பண்ணினீங்களா? அவ்வளவு கெஞ்சினேன். சிவப்புப் பெயிண்ட் அடிச்சுத் தூக்கிப் போட்டீங்களே! நான் செஞ்ச ஷாஃப்டுக்கு ஒரு நியாயம், உங்க உடம்புக்கு ஒரு நியாயமா?"

அவர் லேத்தில் ஷாஃப்ட் என்கிற இரும்புத் தண்டு கடைகிறவர். அவர் சொன்னது உண்மை. ஒரே இடத்தை மூன்று முறை அளந்தால்தான் சராசரி. வெவ்வேறு நேரத்துக் காய்ச்சல் வெவ்வேறு இடம் மாதிரி. ஒன்று தாண்டினாலே ரிஜெக்ட். இது எனக்குத் தெரியாததா?

மனைவி நோட்டைப் பிடுங்கிப் பார்த்தாள். "நூத்தியொண்ணா? எங்கிட்ட ஒண்ணுமில்லைன்னுதானே சொன்னீங்க?" அவள் குரல் நடுங்கியதும்தான் எனக்குப் பயம் வந்தது. சரியான பயம்.

ஆட்டோ தேடக்கூட அவர் விடவில்லை. தன் மழைக்கோட்டைக் கழற்றி எனக்கு மாட்டி, ஸ்கூட்டரில் ஏற்றினார். பல மாதமாக வெளி ஆள் யாரையும் நான் தொட்டதில்லை. அன்று வழி முழுக்க அவர் நனைந்த இடுப்பைக் கட்டிக்கொண்டு போனேன்.

வலது நுரையீரலில் நிமோனியா ஆரம்பித்திருந்தது. ஆரம்பத்திலேயே வந்ததால் பிழைத்தீர்கள், இன்னும் இரண்டு நாள் டிக் போட்டிருந்தால் கதை வேறு என்றார் பெரிய டாக்டர். எட்டு நாள் ஊசி மருந்து ஏற்றினார்கள். நோட்டை முழுக்கப் படித்துவிட்டு, எழுதுவதை விடாதீர்கள், சராசரியை மட்டும் விட்டுவிடுங்கள், எங்களைக் கேட்காமல் காய்ச்சல் மாத்திரை போடாதீர்கள் என்றார். நான் தயங்கித் தயங்கி, என்னைக் கைவிட்டுவிட்டீர்களா என்று கேட்டேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மருந்து இல்லாமலே பல வருடம் வேலைக்குப் போய் வருகிறவர்கள் தன்னிடம் வருவதாகவும், மருந்து தேவைப்படும்போது மருந்து இருக்கிறது என்றும் பொறுமையாகச் சொன்னார். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், சளிக்காரரிடம் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள், மற்றபடி மனிதர்களோடு இருங்கள் என்றார்.

பிறகு ஐந்து வருடம் வேலை பார்த்தேன். அந்த மராத்திக்காரரின் பீஸ் லிமிட் தாண்டினால் ரிஜெக்ட் செய்யத் தவறியதும் இல்லை. இரண்டு தடவை காய்ச்சல் நூறு புள்ளி நான்கைத் தாண்டியது. மறுபடி அளந்து பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டேன். இரண்டு தடவையும் நாலைந்து நாளில் வீடு திரும்பினேன்.

பயம் இன்னும் இருக்கிறது. ஆனால் மனிதர்கள் வந்தால் கிருமி வரும் என்று மட்டுமே கணக்குப் போட்டவன் நான்; கதவை அடைத்து வைத்த அன்றும் ஒருவர் ஜன்னல் வரைக்கும் வந்ததால்தான் இதை எழுத உயிரோடு இருக்கிறேன் என்பதை, யாராவது வாசலில் செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்.