தாடித் தாத்தா மேல் சத்தியம்

எங்கள் சித்தப்பாவைக் 'குரங்கு மதத்துக்காரர்' என்று ஊர் பேசியதை இந்த வயதிலும் என்னால் மன்னிக்க முடியவில்லை. பேசியவர்கள் எல்லாரும் மண்ணுக்குள் போய்விட்டார்கள். போனால் என்ன, என் வயிற்றெரிச்சல் தீரவில்லையே!

அதியமான்கோட்டைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த காலம், எனக்கு ஒன்பது வயது. என் அப்பாவின் தம்பியான சித்தப்பா சேலத்தில் காலேஜ் படித்துவிட்டு ஒரு தகரப்பெட்டியோடு வந்து சேர்ந்தார். பெட்டிக்குள் தடித்த இங்கிலீஷ் புத்தகம் ஒன்று இருந்தது. முதல் பக்கத்தில் நெஞ்சுவரை தாடி தொங்கும் வெள்ளைக்காரர் ஒருவரின் படம். அவரை நான் தாடித் தாத்தா என்பேன். உயிர்கள் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக மாறி மாறி வந்தவை, மனிதனும் அப்படித்தான் வந்தான் என்று அந்தத் தாத்தா கண்டுபிடித்தாராம். சித்தப்பா சொன்னார், நான் நம்பினேன். "எப்படின்னு கேளு புள்ள" என்று அவர் தூண்டித் தூண்டிப் பார்ப்பார். "நீங்க சொன்னா சரிதானுங்க சித்தப்பா" என்பேன் நான். அவர் முகம் ஏனோ சப்பென்று ஆகிவிடும்.

அவர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். கடலைக்காட்டில் குரங்குகளை விரட்டிக்கொண்டிருந்த ஆட்களிடம் போய் இதைச் சொன்னார். "அப்போ கொரங்குதான் நம்ம பாட்டனுங்களா?" என்று ஒருவர் கேட்டார். "பாட்டன் இல்லீங்க. பங்காளின்னு வெச்சுக்குங்க. அதுக்கும் நமக்கும் ரொம்பக் காலத்துக்கு முன்னாடி ஒரே பாட்டன்" என்றார் சித்தப்பா, படிப்பாளிக்கே உரிய நிதானத்தோடு. பங்காளி என்றால் விடுவார்களா? அதனால்தான் குரங்கு காட்டில் பங்கு கேட்கிறது என்றார்கள். பெங்களூர் ரோட்டில் லாரி அடித்து ஒரு குரங்கு செத்தது. வழக்கம்போல ஊரே கூடி மேளம் அடித்து, மாலை போட்டு அதை அடக்கம் செய்தது. அடக்கம் செய்த கையோடு நாலு பேர் எங்கள் வாசலில் வந்து நின்று, பங்காளி செத்த தீட்டுக்குத் தலை முழுகியாயிற்றா என்று சித்தப்பாவைக் கேட்டுச் சிரித்தார்கள். அந்தக் குரங்கை ஆஞ்சநேயர் என்று கும்பிட்டவர்கள் அவர்கள். அவர்கள் செய்தது பக்தி, சித்தப்பா பேசியது மட்டும் பைத்தியக்காரத்தனம். என்ன நியாயம் இது?

சிரிப்போடு நின்றிருந்தால் போகட்டும் என்று விட்டிருப்பேன். அப்பாவின் தங்கையான என் அத்தைக்குப் பென்னாகரத்தில் மாப்பிள்ளை நிச்சயமாகியிருந்தது. இரண்டு இடம் தட்டிப்போய் மூன்றாவதாக அமைந்த இடம். பேச்சு அங்கே போய்ச் சேரும்போது பெரிதாகிவிட்டது. பெண்ணின் அண்ணன் குலசாமியை விட்டுவிட்டு ஏதோ குரங்கு மதத்தில் சேர்ந்துவிட்டான் என்று ஆகிவிட்டது. மாரியம்மன் கோயில் முன்னால் சூடம் அணைத்து, மதம் மாறவில்லை என்று அவன் சத்தியம் செய்தால் கல்யாணம், இல்லையென்றால் இல்லை என்று சொல்லியனுப்பிவிட்டார்கள்.

அத்தை இரண்டு நாள் சாப்பிடவில்லை. "ஒரு சூடத்த அணைச்சா உங்க கை என்ன வெந்தா போயிடும் அண்ணா?" என்று அழுதாள். கோயிலுக்கு வர மட்டும் சித்தப்பா ஒப்புக்கொண்டார்.

மறுநாள் காலை கோயில் முன்னால் ஊர் கூடியது. மாப்பிள்ளையின் அப்பா நாலு உறவினரோடு வந்து உட்கார்ந்தார். வெற்றிலைமேல் சூடம் எரிந்தது. சித்தப்பா அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"நான் எந்த மதத்துக்கும் போகலீங்க. இது மதமே இல்லீங்க. பாத்துத் தெரிஞ்சுக்கிட்ட சங்கதி. நாளைக்கே தப்புன்னு ஒருத்தர் காட்டிட்டா விட்டுடுவேன். எந்த மதத்துக்காரராவது அப்படிச் சொல்லுவாங்களா?"

"அதத்தான் சூடத்த அணைச்சுச் சொல்லுப்பா" என்றார் ஊர்க்கவுண்டர்.

"சூடத்துல எனக்கு நம்பிக்கை இல்லீங்க. நம்பாததுமேல சத்தியம் பண்ணா உங்களை ஏமாத்துறதாயிடும்."

இப்படியும் ஒரு மனுஷனா! பொய்யன் எவனாவது இருந்திருந்தால் பட்டென்று அணைத்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பான். யோக்கியனாக இருந்ததுதான் அவர் செய்த குற்றம். மாப்பிள்ளையின் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். கோயில் சுவரோரம் நின்ற அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

என்னால் பொறுக்க முடியவில்லை. வீட்டுக்கு ஓடினேன். தகரப்பெட்டியிலிருந்த புத்தகத்தைத் தூக்கமாட்டாமல் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தேன். சூடத்துக்குப் பக்கத்தில் அதை விரித்து வைத்து, படத்தின்மேல் கையை அடித்தேன்.

"எங்க சித்தப்பா எந்த மதத்துக்கும் போகலீங்க! இந்தத் தாடித் தாத்தா மேல சத்தியம்!"

சொல்லிவிட்டுப் புத்தகத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

கூட்டம் எட்டி எட்டிப் படத்தைப் பார்த்தது. பிறகு மாப்பிள்ளையின் அப்பா மெதுவாக உட்கார்ந்தார். அவர் முகம் தெளிந்துவிட்டது.

"அட, இவங்களுக்கும் ஒரு சாமி, ஒரு புஸ்தகம் இருக்குதே! எதுக்கும் பயப்படாத வூடோன்னுதான் நான் பயந்தேனுங்க. எந்த மதமா இருந்தா என்ன, சாமிக்குப் பயந்தவங்க வூட்டுல பொண்ணெடுக்கலாம். கல்யாணத்தன்னைக்கு அந்தப் புஸ்தகத்தையும் மணவறையில வெச்சுடுங்க. ஒரு சாமிய விட்டாலும் குத்தமாயிடும்."

"இல்லீங்க, அது சாமி..." என்று சித்தப்பா தொடங்கினார். அத்தையைப் பார்த்தார். அவள் மூச்சுக்கூட விடாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் வாயை மூடிக்கொண்டார்.

கல்யாணத்தைக் காப்பாற்றியது நான்! எனக்கு யாராவது ஒரு முறுக்காவது கொடுத்தார்களா? சித்தப்பா புத்தகத்தை எடுத்துக்கொண்டு விடுவிடுவென்று வீட்டுக்கு நடந்துவிட்டார்.

கல்யாணத்தன்று அவரே புத்தகத்தை மஞ்சள் துணியில் சுற்றிக் கொண்டுவந்து மணவறையில் வைத்தார். சந்தனம் தடவி, பூ வைத்து எல்லாரும் கும்பிட்டார்கள். மாப்பிள்ளையும் பெண்ணும் விழுந்து எழுந்தார்கள். கூட்டம் பந்திக்கு எழுந்ததும், தாடித் தாத்தாவை ஒரு தரம் பார்த்துக்கொள்ளலாம் என்று நான் துணியை விலக்கினேன். தாத்தாவைக் காணோம். பக்கத்துக்குப் பக்கம் முக்கோணமும் வட்டமும்தான். அது சித்தப்பாவின் பழைய ஜியாமெட்ரி புத்தகம்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. சூடத்தை அணைத்து ஏமாற்ற மாட்டேன் என்றவர் இப்படி ஏமாற்றலாமா? நான் யார்மேல் சத்தியம் செய்தேனோ அந்தத் தாத்தா தகரப்பெட்டிக்குள் பட்டினி கிடக்க, பூவும் சந்தனமும் முக்கோணத்துக்கா? மணவறையிலிருந்து ஒரு முழம் கதம்பத்தையும் கொஞ்சம் குங்குமத்தையும் எடுத்துக்கொண்டுபோய்ப் பெட்டியைத் திறந்தேன். தாத்தாவின் நெற்றியில் பொட்டு வைத்தேன், பூ வைத்தேன். அவருக்குக் கோபம் வரக்கூடாது என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் சித்தப்பா பெட்டியைத் திறந்தபோது நான் பக்கத்திலேயே நின்றேன், மெச்சிக்கொள்வார் என்று. பூவை எடுத்தார். குங்குமத்தை விரலால் துடைக்கப் பார்த்தார். அது தாடியெல்லாம் சிவப்பாக இழுபட்டது.

"இவரு சொன்னது நெசம்னு உனக்கு எப்படித் தெரியும் புள்ள?" என்றார்.

"நீங்க சொன்னீங்களே சித்தப்பா!"

ஊரே கூடி நின்றபோது நிமிர்ந்து நின்ற மனிதர், பெட்டியோரம் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அந்த ஊரிலேயே அவரை நம்பியவள் நான் ஒருத்திதான், சரியான பதிலைத்தானே சொன்னேன் என்று ஒரு மாதம் அவரோடு பேசாமல் இருந்தேன்.