உலக முடிவுக்கு இருபத்தைந்து நிமிடம் தாமதம்

இவ்வளவு காலம் நான் வாய் திறக்கவில்லை. அதற்குக் காரணம் பொறுமை இல்லை, குடும்பம். என் மாமனாரின் ஆண்டு நினைவுப் பூசை முடிந்து எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது மைத்துனர் மறுபடியும் அந்தக் கதையை எடுத்தார். "அத்தானோட ரப்பர் கடிகாரம் இருக்கே, அது காட்டுன நேரத்த நம்பி உலக முடிவுக்குப் போயி, வெறும் மூட்டத்தப் பாத்துட்டு வந்தாங்க." பந்தி முழுக்கச் சிரித்தது. முப்பது வருடங்களுக்கு மேலாக இந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். உண்மையை எழுதிவிடுவது என்று அன்றைக்கே முடிவு செய்தேன். மலையேறப் போகிறவர்களுக்கும், அதற்காக ஒரு கடிகாரம் தேடுகிறவர்களுக்கும் இது உதவினால் நல்லது.

பயணம் நடந்தது 1982 பெப்ரவரியில், போயா எனும் பௌர்ணமி விடுமுறையன்று. எனக்கு இருபத்தொரு வயது. கொட்டகலைப் பக்கத்துத் தோட்டப் பள்ளியொன்றில் ஆசிரியர் வேலை கிடைத்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. கூட வந்தவன் சூசை. என்னைவிட ஆறு வயது மூத்தவன், பக்கத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில், வளர்ந்தவன், தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுவதில் கைகாரன். இரண்டு அரசுகளும் செய்த ஒப்பந்தப்படி அவன் குடும்பத்துக்கு இந்தியப் பாஸ்போர்ட் வந்திருந்தது. தோட்டத்துப் பதிவில் பெயர் வெட்டியாகிவிட்டது. போயா கழிந்து மூன்றாம் நாள் தலைமன்னார் ரயில், பிறகு கப்பல். திரும்பி வருவது என்ற பேச்சே இல்லை.

"பொறந்த நாட்ட ஒரு தடவயாவது முழுசாப் பாத்துட்டுப் போறேன் மாஸ்டர்," என்றான். "உலக முடிவுல நின்னா கடல் வரைக்கும் தெரியுமாமே?"

தெரியும், ஆனால் காலையில் மட்டும். ஹோர்ட்டன் சமவெளியின் தெற்கு விளிம்பில் நிலம் திடீரென்று முடிந்து, ஏறக்குறைய 2,900 அடி ஆழத்துக்குச் செங்குத்தாக இறங்குகிறது. அந்த இடம்தான் உலக முடிவு. ஒன்பது மணியளவில் கீழிருந்து பனிமூட்டம் ஏறி எல்லாவற்றையும் மூடிவிடும். அதற்குப் பிறகு போனால் வெள்ளைச் சுவர்தான். ஆகவே எங்கள் பயணத்துக்கு நேரம்தான் உயிர். என்னிடமோ கடிகாரம் இல்லை.

ஹட்டன் கடைத்தெருவில், நானா என்று நாங்கள் கூப்பிடும் ஒரு முஸ்லிம் வியாபாரியின் கடை. கண்ணாடிப் பெட்டியிலிருந்து மூன்று கடிகாரங்களை எடுத்து வைத்தார். முதலாவது சாவி கொடுக்கும் பழைய வகை, 210 ரூபாய். இரண்டாவது கை அசைவில் தானே முறுக்கிக்கொள்வது, 560. மூன்றாவது கறுப்பு ரப்பர் பட்டி போட்ட ஜப்பான் டிஜிட்டல், 385. அலாரம், ஓட்ட நேரம் அளக்கும் ஸ்டாப்வாட்ச், திகதி, ஒரு சின்ன விளக்கு எல்லாம் அதற்குள்ளேயே.

"தம்பி, இத தண்ணிக்குள்ள போட்டாலும் ஓடும், ஆணியில அடிச்சாலும் ஓடும்," என்றார் நானா.

"கட்டுனவன் ஓடுவானா நானா?" என்று சூசை கேட்டான்.

"ஒன்னய மாதிரி ஆள் கட்டினா கடிகாரம்தான் ஓடிப்போவும்!"

நான் அவசரப்படவில்லை. ஒவ்வொன்றையும் கையில் கட்டி, குளிரில் விறைத்த விரலால் இருட்டில் தடவி இயக்க முடியுமா என்று கண்ணை மூடிப் பார்த்தேன். சாவிக் கடிகாரத்தின் திருகு வழுக்கியது. தானியங்கி கல் போலக் கனத்தது. டிஜிட்டலின் நான்கு பொத்தான்களும் விரலுக்கு அகப்பட்டன. கண்ணாடி விளிம்பைவிடச் சற்று உள்ளே பதிந்திருந்ததால் பாறையில் உரசினாலும் கீறல் விழாது. அதையே வாங்கினேன், அரை மாதச் சம்பளத்துக்கும் மேல். நானா வானொலிச் செய்திக்கு முன் வரும் மணியோசைக்குக் காத்திருந்து நொடி பிசகாமல் நேரம் வைத்துக் கொடுத்தார். அந்த மணியோசையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். என் வழக்கே அதில்தான் நிற்கிறது.

போயாவுக்கு முதல் நாள் கொட்டகலையில் ரயில் ஏறினோம். மூன்றாம் வகுப்பு, ஆளுக்கு ஏழு ரூபாய் சொச்சம். இடப்பக்க ஜன்னல், வலப்பக்க ஜன்னல் என்று சண்டை பிடிக்க வேண்டாம். இரண்டு பக்கமும் மலைதான். நானுஓயாவில் பாதிக் கூட்டம் இறங்கியது. பட்டிப்பொல நிலையப் பலகையில் 6,226 அடி என்று எழுதியிருந்தது. அதைத் தாண்டி ஒரு சுரங்கம். அதற்குள் நுழையும்வரை சாரலும் குளிரும். வெளியே வந்ததும் வெயில், பெட்டிக்குக் கீழே நிலமே இல்லாததுபோல் ஊவாப் பக்கத்து மலைகள் அடுக்கடுக்காக நீலத்தில் கரைந்து போயின. சூசை ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி எழுந்து நின்றுவிட்டான். இருபத்தேழு வருடங்கள் மலையில் வாழ்ந்தவன், குனிந்து தேயிலைச் செடியைப் பார்த்தே வாழ்ந்தவன்.

ஒஹியவில் இறங்கியபோது மணி 3.10. அங்கிருந்து மேலே இரண்டு கிலோமீட்டரில் ஒரு தோட்டம். அங்கே வேலையை மேற்பார்க்கும் கணக்குப்பிள்ளை என் அப்பாவுக்குப் பழக்கமானவர். வீட்டு வாசலில் நாற்காலி போட்டார். தேநீர் கொண்டுவந்த அவருடைய மகளை இரண்டு வருடம் கழித்து நான் மணந்தேன் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அதனால்தான் இத்தனை காலம் வாயைத் திறக்கவில்லை.

தேநீர் குடித்துக்கொண்டிருக்கும்போது தொழிற்சாலைச் சங்கு ஊதியது. மலையெங்கும் கூடைகள் நிமிர்ந்தன.

"நாலரை. வேலை விட்டாச்சு," என்றார் கணக்குப்பிள்ளை.

நான் கையைப் பார்த்தேன். "ஐயா, என் கடிகாரத்துல நாலு அம்பத்தஞ்சு."

அவர் சத்தமாகச் சிரித்தார். கொழுந்து நிறுக்கப் போய்க்கொண்டிருந்த நாலைந்து பெண்கள் நின்றார்கள். "பாருங்க புள்ள, வாத்தியாரு ஜப்பான்லருந்து நேரம் கொண்டாந்திருக்காரு! தம்பி, ஜப்பான்காரனுக்கு நம்ம மலையோட நேரம் எப்புடித் தெரியும்?"

"வெல கேட்டீங்களா? காச ரோட்டுல போட்ருக்காரு," என்றாள் ஒருத்தி.

நான் சூசையைப் பார்த்தேன். அவனாவது என் பக்கம் நிற்பான் என்று நினைத்தேன். "சங்கு தப்பா ஊதுமா மாஸ்டர்? நம்ம எந்திரிச்சது, காலையில பேர் குடுக்கப் பெரட்டுக்கு நின்னது, சோறு தின்னது எல்லாம் அதக் கேட்டுத்தானே?" என்றான்.

தோட்டத்தில் பிறந்த யாரும் இந்த இடத்தில் தோற்றுத்தான் போவார்கள். நகரத்துக்காரன் கடிகாரத்தைப் பார்த்துச் சங்கைத் திருத்துவான். நாங்கள் சங்கைக் கேட்டுக் கடிகாரத்தைத் திருத்துகிறவர்கள். நான் படித்தவன், ஆசிரியன், வானொலி மணியோசையை என் காதாலேயே கேட்டவன். அப்படியிருந்தும் அத்தனை பேர் பார்க்க நான்கு பொத்தான்களையும் அழுத்தி, நேரத்தை 4.30க்கு இறக்கினேன். கணக்குப்பிள்ளையின் கோட்டுப் பையிலிருந்து ஒரு கடிகாரச் சங்கிலி தொங்கிக்கொண்டிருந்தது. அவர் கடைசிவரை அதை வெளியே எடுக்கவேயில்லை. அதன் பொருள் எனக்கு மறுநாள்தான் விளங்கியது.

மறுநாள் போயா. வேலை இல்லை, ஆகவே காலைச் சங்கும் இல்லை. அலாரம் சரியாக அடித்தது. கடிகாரத்தில் ஐந்து மணிக்கு நடக்கத் தொடங்கினோம். சமவெளிக்கு ஒன்பது கிலோமீட்டர், அதற்கு மேல் நான்கு. கணக்குப்படி 8.45க்கு விளிம்பில் நிற்க வேண்டும்.

சமவெளியை நான் எப்படிச் சொல்வேன்? ஏற்றம் முடிந்து காடு விலகியதும் புல்வெளி, அதன்மேல் உப்புத் தூவியதுபோல் உறைபனி. நாங்கள் மிதித்த இடமெல்லாம் நொறுங்கியது. குட்டையான மரங்களில் இரத்தச் சிவப்பாகப் பூ. ஓடையோரம் ஒரு மரைமான் கூட்டம் தலை தூக்கி எங்களைப் பார்த்துவிட்டு மறுபடி மேய்ந்தது. சூசை செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டான்.

"ஏண்டா?"

"கோயிலுக்குள்ள மாதிரி இருக்கு. சும்மா வாங்க."

சொன்ன நேரத்துக்குச் சரியாக, கடிகாரத்தில் 8.45க்கு, உலக முடிவுக்குப் போய்விட்டோம். எதிரே ஒரு சிங்களத் தம்பதி திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். "தென் தமய் வெஹுனே," என்றார் கணவர். இப்போதுதான் மூடியது என்றார். பத்து நிமிடத்துக்கு முன்வரை கடல் தெரிந்ததாம்.

எங்களுக்கு முன்னால் வெள்ளைச் சுவர். சூசை விளிம்புக்குப் பத்தடி தள்ளி ஒரு பாறையில் உட்கார்ந்தான். என் கடிகாரத்தைக் கேட்டு வாங்கித் தன் கையில் கட்டிக்கொண்டான்.

ஒஹியவில் திரும்பும் ரயில் 3.40க்கு. அதை விட்டால் சூசை சாமான் கட்ட முடியாது. 11.40க்கு மேல் ஒரு நிமிடமும் இருக்க முடியாது என்றேன். ஒன்பதரை ஆனது, பத்து, பதினொன்று. மூட்டம் அசையவில்லை. கொண்டுபோன ரொட்டியைத் தின்றோம்.

11.32க்குக் கீழிருந்து ஒரு காற்று வந்தது. சேலையை உதறுவதுபோல் மூட்டம் நடுவில் கிழிந்தது. எங்கள் காலடியில் பூமி இல்லை. பறவை ஒன்று எங்களுக்குக் கீழே, வெகு கீழே, பறந்தது. அதற்கும் கீழே காடு, காட்டின் அடியில் நகக்கண் அளவில் ஒரு தேயிலை மலை, தீக்குச்சிகளைப் போட்டதுபோல் லயத்துத் தகரக் கூரைகள், ஒரு கூரையிலிருந்து நூலாகப் புகை. அப்பால் தாழ்நிலம், அங்கங்கே மின்னும் குளங்கள், எல்லாவற்றுக்கும் முடிவில் வானத்தில் ஒட்டிய ஒரு வெள்ளிக்கோடு. நான் பின்னால் நகர்ந்தேன். சூசை முன்னால் நகர்ந்தான்.

"நம்ம இவ்ளோ ஒசரத்துலயா மாஸ்டர் இருந்தோம்?" என்றான். பிறகு, "அந்தக் கோடுதான் நாங்க போற கடலா?"

"இல்லடா, அது தெக்கு. ஒங்க கப்பல் வடக்க."

"எந்தப் பக்கமா இருந்தா என்னா, ஒரே தண்ணிதானே."

மூட்டம் மூடிக்கொண்டது. அவன் ஒரு பொத்தானை அழுத்தி எனக்குக் காட்டினான். எப்போது ஸ்டாப்வாட்சை ஓட விட்டானோ தெரியாது. ஒரு நிமிடம் ஐம்பத்திரண்டு நொடி.

கீழே இறங்கி ஒஹிய நிலையத்துக்கு வந்தபோது கடிகாரத்தில் 3.05. அரை மணி நேரம் கால் நீட்டலாம் என்று நினைத்தேன். நிலைய மணிக்கூடு 3.30 காட்டியது. நிலைய அதிபர், "ஓடுங்க, டிக்கட் எடுங்க, பட்டிப்பொலப் பக்கம் போறது வருது," என்றார். மணிக்கூடு சரியா என்று கேட்டேன். தினமும் காலையில் கொழும்பிலிருந்து தந்தியில் நேரம் வரும் என்றார்.

ரயிலில் ஏறியதும் சூசை சொன்னான். "அப்ப ஒங்க கடிகாரம் சரி. சங்குதான் பொய்." விரல்களை மடக்கி ஏதோ யோசித்தான். "சாயங்காலம் இருபத்தஞ்சு நிமிஷம் லேட்டா ஊதுனா, காலையில எத்தன நிமிஷம் முந்தி ஊதியிருப்பான் மாஸ்டர்? எங்க தோட்டத்துலயும் இப்படித்தானா?"

அதைத் திரும்பிப் போய்ப் பார்க்க அவனுக்கு நாள் இல்லை. மூன்றாம் நாள் போய்விட்டான். நீலகிரியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. "இங்கயும் மலை, ஆனா விளிம்பு இல்லை," என்று எழுதியிருந்தான்.

கூலியில்லாமல் கூடுதல் வேலை வாங்க மணியை நகர்த்தச் சொன்னவர் தோட்ட மேலாளரான துரை, நகர்த்தியவர் தொழிற்சாலை அதிகாரி, தெரிந்துகொண்டு சிரித்தவர் கணக்குப்பிள்ளை. வேலை போய்விடும் என்ற பயத்தில் செய்திருப்பார் என்று என் மனைவி சொல்கிறாள். இருக்கலாம். ஆனால் எங்கள் பயணம் எதற்கென்று அவருக்குத் தெரியும். இரவுச் சாப்பாட்டின்போது சூசையே சொன்னான். ஒரு வார்த்தை தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தால் அவன் அந்த மலையை முழுக்கால் மணி நேரம் பார்த்திருப்பான். அதைச் சொல்லாதவர் பின்னாளில் ஒவ்வொரு விருந்திலும் என் கடிகாரத்தைச் சொன்னார். நான் மன்னிக்கவில்லை.

இனி, போகிறவர்களுக்கு. இன்றைய கடிகாரங்கள் உயரம், காற்றழுத்தம், திசை, இதயத் துடிப்பு எல்லாம் காட்டுகின்றன. வாங்கும் முன் கையுறையோடு பொத்தானை அழுத்திப் பாருங்கள். தொடுதிரை மட்டும் உள்ளது மழையில் உதவாது. செயற்கைக்கோள் வழிகாட்டியை ஓட விட்ட நிலையில் மின்கலம் எத்தனை மணி நேரம் தாங்கும் என்று கேளுங்கள். பெட்டியில் எழுதியிருப்பது பெரும்பாலும் சும்மா கட்டியிருக்கும் கணக்கு. காற்றழுத்தத்தை வைத்து உயரம் காட்டுபவை மூட்டம் வரும்போது தடுமாறும். பட்டிப்பொல நிலையப் பலகையைப் பார்த்துத் திருத்திக்கொண்டு ஏறுங்கள். ஒஹியவிலிருந்து நடந்தால் பதினைந்து கிலோமீட்டர், நான்கு மணி நேரமாவது வேண்டும். ஜனவரி முதல் மார்ச் வரை நல்லது. எட்டரைக்கே விளிம்பில் இருங்கள். ஒருமுறை சரியாக வைத்த நேரத்தை, எத்தனை பேர் சிரித்தாலும், மாற்றாதீர்கள்.

என் பெயரைக் கீழே எழுதி, பிறகு அழித்துவிட்டேன். மைத்துனருக்குப் பயந்து அழிக்கவில்லை. பெயர் இருந்தால் இது ஒரு மருமகன் தன் மாமனார்மேல் வைத்த குறையாகச் சுருங்கிப்போகும். தோட்டத்தின் பெயரையும் அதனால்தான் போடவில்லை. சங்கு கேட்டு எழுந்து, சங்கு கேட்டுக் கூடையை இறக்கிய யாராவது இதை வாசித்தால், எந்தத் தோட்டம் என்று தேடாமல் தங்கள் தோட்டத்தை நினைத்துக்கொள்ளட்டும். பெயரில்லாமலே பதிவிடுகிறேன்.