கூட்டி எழுதிய ஒன்றரை வயது

பள்ளி அலுவலகத்தில் அவளுக்கு இருபத்தாறு வருடமாக எழுத்தர் வேலை. ஊரே அவளை 'ரிஜிஸ்டர் அக்கா' என்றுதான் கூப்பிட்டது. சண்டை தொடங்கிய பிறகு, பேச்சு நின்றுபோனவன், காது கேட்காமல் போனவள், ஆயுதக்காரர்கள் இழுத்துப்போனவள் என்று முப்பத்தேழு பிள்ளைகளைத் தனி நோட்டில் எழுதி வைத்தாள். விசாரணைக்கு யார் வந்தாலும் நோட்டோடு போய் நிற்பாள். "பாதிக்கப்பட்ட குழந்தைகள்னு பொத்தாம்பொதுவா எழுதாதீங்க சார். பேரைப் போடுங்க, வயசைப் போடுங்க."

கணவர் கேலி செய்வார். "எங்க கல்யாண நாளைக் கேளுங்க, முழிப்பா. ஊர்ப் பிள்ளைங்க பிறந்த தேதி மட்டும் நாக்கு நுனியில நிக்கும்."

பதினான்கு வயதில் பள்ளி விட்டு வரும் வழியில் கடத்தப்பட்ட பெண் ஒருத்தி, சில வருடம் கழித்து ராணுவத்திடம் துப்பாக்கியோடு பிடிபட்டாள். பெரியவர்களுக்கான சிறையில் அடைத்துவிட்டார்கள். பதினெட்டு நிறையவில்லை என்று பள்ளிப் பதிவேடு சொன்னால் சிறுவர் இல்லத்துக்கு மாற்றுவார்களாம். தையல் ஆலையில் வேலை பார்க்கும் அவள் அம்மா ஓட்டமும் நடையுமாக வந்தாள்.

"அக்கா, நீங்க எழுதின புத்தகந்தான். எடுத்துக் காட்டுங்க."

எடுத்தாள். பிடிபட்ட அன்று பதினெட்டு வயது, இரண்டு மாதம் என்று கணக்கு வந்தது.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வீட்டில் பிறந்த பிள்ளை. வேறு சான்று கிடையாது. ஆலைக்குப் போனால் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று, மூன்றரை வயதுக்காரியை இடுப்பில் சுமந்துவந்து கெஞ்சியவள் இந்த அம்மாதான். ஐந்து நிறைந்தால்தான் சேர்க்கலாம். போனால் போகிறதென்று ஒன்றரை வயதைக் கூட்டி எழுதியது இவள் கைதான். எல்லாப் பள்ளியிலும் நடந்ததுதான். யாரும் அதைப் பொய் என்று நினைத்ததில்லை.

வீட்டில் கணவர் இந்த முறை கேலி செய்யவில்லை. "வாயைத் திறந்தா வேலை போகும். அதுகூடப் போகட்டும். ஒண்ணு தப்புன்னா மத்த முப்பத்தாறையும் யாரு நம்புவா? யோசிச்சுக்கோ."

யோசித்தாள். மறுநாள் காலை பதிவேட்டோடு விசாரணை அதிகாரி முன்னால் போய் நின்றாள்.

"இந்தத் தேதி பொய் சார். எழுதினது நான்."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். "அப்போ உங்க நோட்டுல இருக்கற மத்த வயசெல்லாம் என்னம்மா?"

"அதுலயும் பாதி இப்படித்தான் இருக்கும். ஆனா ஒண்ணு சார், நாங்க கூட்டித்தான் எழுதினோம். வயசைக் குறைச்சுச் சொல்லி யாராவது பிள்ளையைப் பள்ளிக்கூடத்துல சேர்ப்பாங்களா? நான் பத்துன்னு எழுதியிருந்தா, அது பத்துக்கு மேல இருக்கவே இருக்காது. எட்டரையா வேணா இருக்கும். எலும்பை எக்ஸ்ரே எடுத்துப் பாருங்க. எல்லாரையுமே எடுத்துப் பாருங்க."

அவர் வெள்ளைத்தாள் ஒன்றை அவள் பக்கம் நகர்த்தினார். "இதையே எழுதிக் கையெழுத்துப் போடுங்க. அப்புறம் உங்க வேலைக்கு நான் பொறுப்பில்ல."

போட்டாள்.

எக்ஸ்ரேக்குப் பிறகு அந்தப் பெண்ணைச் சிறுவர் இல்லத்துக்கு மாற்றினார்கள். அதே வாரம் இவளுக்குப் பணியிடைநீக்க உத்தரவு வந்தது.

சேதி பரவியதும் மற்ற பிள்ளைகளின் அம்மாக்கள் ஒவ்வொருவராக வீடு தேடி வந்தார்கள். வலி கண்ட வேளை, அன்று பெய்த மழை, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு அப்போது எத்தனை மாதம் என்று அவர்கள் சொல்லச் சொல்ல, நோட்டில் பழைய வயதை அடித்துவிட்டுச் சரியானதை எழுதினாள். இருபத்தொரு பேருக்கு வயது குறைந்தது. ஒன்பது வயதில் கண்ணிவெடியில் காலை இழந்தான் என்று அவள் எல்லா அலுவலகத்திலும் சொல்லிவந்த பையனுக்கு, அன்று ஏழரைதான் ஆகியிருந்தது.