அவன் திரும்பி வந்த இரண்டாம் பாகம்

திரையில் ரயில் வந்து நின்றது. புகை விலகியதும், தாடி வளர்ந்த ஒரு மனிதன் நடைமேடையில் இறங்கி நிற்பது தெரிந்தது. கொட்டகை முழுக்கக் கைதட்டல். பக்கத்தில் உட்கார்ந்திருந்த சின்னம்மா என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள். அத்தனை சத்தத்திலும் அவள் கேட்டது எனக்குக் காதில் விழுந்தது. "இவன்தான் செத்துட்டானேடி?"

சின்னம்மா என் அம்மாவின் கடைசித் தங்கை. என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவள். மலாயாவின் மூவார் ஊரில் எங்கள் வீட்டில்தான் இருந்தாள். அவளுடைய புருஷன் மரம் ஏற்றும் தொங்கான் படகில் சுமத்ராவுக்குப் போனவர். படகும் திரும்பவில்லை, அதில் போனவர்களைப் பற்றிய தகவலும் வரவில்லை. ஆற்றங்கரையில் விசாரித்தால் மூழ்கிவிட்டது என்பார் ஒருவர்; வேறொரு துறைமுகத்தில் அவரைப் பார்த்தேன் என்பார் இன்னொருவர். சின்னம்மா பொட்டு வைக்கலாமா கூடாதா என்றுகூட வீட்டில் யாராலும் சொல்ல முடியவில்லை. காலையில் வைப்பாள். வாசலில் யாராவது வந்து நின்றால் முந்தானையால் அழித்துவிடுவாள். இப்படியே சில வருஷங்கள் போயின.

அந்தச் சமயத்தில்தான் அத்தாப்பு ஓலைக் கூரை போட்ட பயாஸ்கோப் கொட்டகைக்கு அந்தப் படத்தின் முதல் பாகம் வந்தது. பேசாத படக் காலம் அது. திரையில் இங்கிலீஷ் எழுத்து வரும்போதெல்லாம், ஓரத்தில் நிற்கும் கதைக்காரர் எங்களுக்குத் தமிழில் சொல்லுவார். சண்டைக்குப் போன புருஷனுக்காக ஒரு வெள்ளைக்காரப் பெண் தினமும் ஸ்டேஷனுக்கு வந்து காத்திருக்கிறாள். ரயில் வருகிறது, போகிறது, அவன் மட்டும் வரவில்லை. கடைசியில் மோதிரத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்து போகிறாள். "செத்தவனுக்காக எத்தனை காலம் நிப்பா? போறா, அம்மா, போறா!" என்று கதைக்காரர் குரல் உடைந்து சொன்னபோது அழாதவர்கள் யாரும் இல்லை. பெஞ்சியில் உட்கார்ந்திருந்த சீனர்களும் மூக்கைச் சிந்தினார்கள்.

சின்னம்மா மட்டும் அழவில்லை. வீட்டுக்கு நடந்து வரும்போது, "போயிட்டா பாத்தியா. யாரையும் கேக்கல," என்றாள். மறுபடியும் இரண்டு முறை போய்ப் பார்த்தாள். மனைவியை இழந்த தச்சர் ஒருவர், ஆற்றோரப் பட்டறையில் கட்டிலும் அலமாரியும் செய்பவர், அவளைப் பெண் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது. இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம் என்பதே அப்பாவின் பதிலாக இருந்தது. அந்த வாரம் சின்னம்மா அப்பா முன்னால் வந்து நின்று, "எனக்குச் சம்மதம் மாமா. நீங்க பொறுத்தது போதும்," என்றாள். கோயிலில் சின்னதாகக் கல்யாணம் நடந்தது. ஒரு படம்தான் அவளை அப்படிச் சொல்ல வைத்தது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அதற்கு முன்னால் அவள் அப்பாவிடம் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

இரண்டாம் பாகம் வருகிறது என்று மாட்டுவண்டியில் தப்படித்துக்கொண்டு போனதும் ஊரே கிளம்பியது. சின்னம்மா எனக்கு முன்பே புடவை மாற்றிக்கொண்டு நின்றாள். படம் தொடங்கிய உடனேயே கொட்டகையில் கூச்சல். கதாநாயகியாக வேறு யாரோ நடித்திருந்தாள். "இவ அவ இல்லையே! ஏமாத்துறான்லா!" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார். முதல் பாகத்து நடிகை சும்மா நின்றாலே மனசு கனக்கும். இவளோ கையை நெஞ்சில் அடித்துக்கொண்டே இருந்தாள். அப்போதுதான் ரயில் வந்தது. அவன் இறங்கினான். வேறொருவனின் மனைவியாகிவிட்ட அவளை ஜன்னல் வழியே பார்த்துவிட்டு, படம் முடியும் மட்டும் ஊர் ஊராக அலைந்தான். முதல் பாகத்தின் கால் தூசுக்கு ஆகாது என்று பேசிக்கொண்டே ஜனங்கள் வெளியே வந்தார்கள்.

சின்னம்மா நேராகக் கதைக்காரரிடம் போனாள். அவர் வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, போன படத்துல அவன் செத்துட்டான்னு நீங்கதானே சொன்னீங்க?"

"சொன்னேன்."

"எழுத்துல அப்படிப் போட்டிருந்துச்சா?"

அவர் வெற்றிலையை மடிப்பதை நிறுத்தினார். "இல்ல தங்கச்சி. ரயில்ல வரலைன்னுதான் போட்டிருந்தான். வரலைன்னா ஜனங்களுக்குப் புரியாது, செத்துட்டான்னா அழுவாங்க. நான்தான் சேத்துச் சொன்னேன். அலமாக், ஐயோ, படம் எடுத்தவன் இப்படி இன்னொண்ணு எடுப்பான்னு நான் கண்டேனா?"

சின்னம்மா அவரைத் திட்டவில்லை. வழியெல்லாம் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். "அது வேற பொம்பளை. முதல்ல உள்ளவ கதை அங்கேயே முடிஞ்சிருச்சு," என்றாள். பத்தடி போனதும், "ஆனா அவன் அதே ஆளுதான்டி," என்றாள்.

இப்போது என் பேத்திகள் படம் பார்த்துவிட்டு வந்து, முதல் பாகம் மாதிரி இல்லை என்று ஒரே பேச்சில் முடித்துவிடுகிறார்கள். என்னால் அப்படி முடிக்க முடிவதில்லை. அந்த இரண்டாம் பாகம் மட்டமான படம், சந்தேகமே இல்லை. ஆனால் அதில் எழுத்தில் இல்லாததை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. எங்களை அழவைத்த முதல் பாகத்தில்தான் அந்தப் பொய் இருந்தது. இதில் எதை நல்ல படம் என்பது?

அதற்குப் பிறகு சின்னம்மா சாயங்காலமானால் கப்பல்துறை ஜெட்டிக்குப் போகத் தொடங்கினாள். கப்பலில் வந்து இறங்குகிறவர்களின் முகங்களைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். ஊர் பேசியது. அப்பா கோபப்பட்டார். தச்சர் ஒன்றும் கேட்கவில்லை. ஒருநாள் நான் அவளோடு நிற்கும்போது, சட்டையில் மரத்தூளோடு அவர் நடந்து வந்து அவள் பக்கத்தில் நின்றார். அவரும் ஆட்கள் இறங்குவதைப் பார்த்தார். கடைசியாக ஒரு கிழவர் ஊன்றுகோலோடு பலகையில் மெல்ல நடந்து இறங்கினார். கூலிகள் கயிற்றைச் சுருட்டினார்கள்.

"எல்லாரும் இறங்கியாச்சா?" என்று கேட்டார் தச்சர்.

"இறங்கியாச்சு."

"நாளைக்கும் வரணுமா?"

சின்னம்மா தண்ணீரைப் பார்த்தாள். "தெரியலீங்க," என்றாள்.

"சரி. வரணும்னா சொல்லு, நானும் வரேன்," என்றார் அவர்.