எல்லாரையும் குளிக்க வைத்த மம்மி

செத்தவர்களைக் காட்டிப் பிழைக்கும் தொழிலில் தொல்லையெல்லாம் உயிரோடு இருப்பவர்களால்தான் வரும். நீங்களும் கவுண்டரில் நின்று சம்பளம் வாங்குகிறவர் என்றால் உங்களுக்கும் இது தெரிந்த கதைதான். என் கவுண்டருக்குப் பின்னால் கூடுதலாக ஒரு மம்மி படுத்திருந்தது, அவ்வளவுதான்.

தேயிலை மலையூரான தானா ராத்தாவில் ஒரு கடை வரிசையில் தனியார் நடத்தும் 'பழங்காலக் கல்லறைகள்' கண்காட்சி. தொல்லியல் படித்த எனக்கு அங்கே வழிகாட்டி வேலை. எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். தேயிலை லோரி ஓட்டும் அப்பா செய்தியைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அவ்வளவு படிச்சது பொணத்துக்குக் காவல் இருக்கவாம்மா?"

மேனேஜர் லிம் மூன்று மாதம் தவணை கொடுத்தார். அதற்குள் தேயிலைத் தோட்டத்து மக்களைக் கூட்டமாக அழைத்து வந்தால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் வீட்டுக்குப் போகலாம். உள்ளே இருப்பவை எல்லாம் அசலைப் பார்த்துச் செய்த நகல்கள். மூலையில் ஒரு சின்ன அட்டை மலாயிலும் ஆங்கிலத்திலும் அதைச் சொல்லும். "கேட்டா சொல்லு. கேக்கலன்னா எதுக்குலா?" என்றார் மலாயில். கேட்காமல் போனவர்களிடம் நானும் சொன்னதில்லை.

சுருண்டு படுத்தவர்

லெங்கோங் குகையில் கிடைத்த பேராக் மனிதனின் எலும்புக்கூட்டை நானே மனப்பாடம் செய்து விளக்குவேன். அசல் பத்தாயிரம் வருடத்துக்கும் மேல் பழையது, முழங்காலை மார்போடு மடித்துப் புதைத்திருக்கிறார்கள், கூடவே கல்லாயுதங்களும் சிப்பிகளும் வைத்திருக்கிறார்கள் என்று மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன்.

ரிங்லெட்டிலிருந்து வந்த ஓர் அத்தை கண்ணாடியில் மூக்கு படும்படி குனிந்து பார்த்தார். தன் சுவெட்டரைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டு சொன்னார்: "குளிருதும்மா அதுக்கு. ஒரு கம்பளியாவது போத்தி விட்டிருக்கலாம்லா."

தாழியின் பயன்

கியா பார்மில் ஸ்ட்ராபெரி போடும் அண்ணன் ஒருவர் முதுமக்கள் தாழியைச் சுற்றிச் சுற்றி வந்தார். தமிழ்நாட்டில் ஆதிச்சநல்லூரில் இப்படிப்பட்ட தாழிகள் மண்ணுக்குள் வரிசையாகக் கிடைத்தன, இறந்தவரை இதற்குள் வைத்துப் புதைத்தார்கள் என்றேன். அவர் முகத்தில் பக்தி மாதிரி ஏதோ தெரிந்தது. நம் பேச்சு ஒருவரைத் தொட்டுவிட்டது என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

"வாய் நல்லா அகலமா இருக்கு," என்றார். "அடியில நாலு ஓட்டை போட்டா செடி அருமையா வரும். ஆளைப் போட்டு வீணாக்கிட்டாங்களே."

நிபுணர் கருத்து

தோட்டத்து கிளினிக்கில் காயத்துக்குக் கட்டுப் போட்டே ஓய்வு பெற்ற டிரசர் ஒருவர் வந்தார். மூக்குக் கண்ணாடியை மாற்றிக்கொண்டு மம்மியைத் தலையிலிருந்து கால்வரை ஆராய்ந்தார். உள்ளுறுப்புகளை எடுத்து, உப்பில் உலர வைத்து, பிறகுதான் துணி சுற்றுவார்கள் என்று நான் பின்னாலேயே சொல்லிக்கொண்டு போனேன். அவர் காதில் எதுவும் விழவில்லை.

கடைசியில் நிமிர்ந்தார். "முட்டிகிட்ட கட்டு லூசு தங்கச்சி. இப்படிக் கட்டினா ஆள் எப்படிப் பொழைப்பான்?"

இறங்காத பஸ்

மூன்றாம் மாதத்தின் கடைசி வாரம். எங்கள் தோட்டத்துக் கோயில் வாட்ஸ்அப் குழுவில் "பழங்காலப் பொருள் கண்காட்சி, பஸ் இலவசம்" என்று போட்டேன். ஒரு பஸ் நிறைய வந்துவிட்டார்கள். லிம் வாசலுக்கே வந்து நின்று சிரித்தார். பஸ் நின்றது. ஒருவரும் இறங்கவில்லை.

ஏறிப் பார்த்தேன். பாதிப் பேர் கையில் மஞ்சள் கயிறு. திருவிழாவுக்குக் காப்புக் கட்டி மூன்றாம் நாள். நான் பள்ளி விடுமுறையைப் பார்த்துத் தேதி குறித்தேனே தவிர, கோயிலைப் பார்க்கவில்லை. தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்து வளர்ந்தவள் செய்யக்கூடிய தப்பா இது?

முன் சீட்டில் முனியம்மா அக்கா. கொழுந்து எடுக்கும் பெண்களுக்கெல்லாம் அவர் சொல்தான் சட்டம். வாசலில் தொங்கிய மம்மி படத்தைக் கண்ணால் காட்டினார். "பாத்திரம் பண்டம் காட்டுவேன்னு நெனச்சோம் பாப்பா. காப்புக் கட்டினவங்க பொணம் கெடக்கிற எடத்துல கால் வைக்கலாமா? கட்டாதவங்களும் தலைக்குக் குளிக்காம கோயிலுக்குள்ள போக முடியாது. இந்தக் குளிர்ல யார் குளிக்கிறது?"

டிரைவர் எஞ்சினைக்கூட அணைக்கவில்லை. எனக்குப் பின்னால் படியில் லிம்.  எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்: "அக்கா, உள்ளே பிணமே இல்லை. மம்மி பிளாஸ்டர். எலும்புக்கூடும் அச்சில் வார்த்தது. தாழி போன வருஷம் செய்தது. எல்லாம் நகல்."

லிம்முக்குத் தமிழ் தெரியாது. பிளாஸ்டர் என்ற சொல் தெரியும். அவர் முகத்தை நான் திரும்பிப் பார்க்கவில்லை.

முனியம்மா அக்கா யோசித்தார். "பொய்ப் பொணமா? அத மொத சொல்றதுக்கு என்ன? எறங்குங்கடி."

மொத்தப் பஸ்ஸும் இறங்கியது. செருப்பை வாசலில் வரிசையாகக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனார்கள். ஒரு மணி நேரம் சிரிப்பும் கூச்சலும். மம்மியோடு நின்று படம் எடுக்காதவர் யாரும் இல்லை. வெளியே வந்ததும் முனியம்மா அக்கா நேராகப் பின்பக்கக் குழாய்க்குப் போய்த் தலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டார். அவருக்குப் பின்னால் பஸ் நீளத்துக்கு வரிசை நின்றது. பிளாஸ்டர்தானே அக்கா என்றேன்.

"பிளாஸ்டர்தான் பாப்பா. மூஞ்சி பொணம் மாதிரியே இருக்கே."

லிம் குழாயையும் வரிசையையும் மாறி மாறிப் பார்த்தார். என் வேலை முடிந்தது என்று நான் கைப்பையை எடுத்துவிட்டேன். அவர் சொன்னார்: "நாளைக்கு அட்டையத் தமிழ்லயும் எழுது, பெரிசா. அடுத்த மாசம் வேற தோட்டம் கூப்பிடு. வாசல்ல நான் ஒரு பைப் போடறேன்லா."

என் அனுபவத்தில், உண்மையைச் சொல்லி நடத்தும் கண்காட்சிக்குத் தண்ணீர்தான் கொஞ்சம் அதிகம் செலவாகும்.