கிணற்றில் இறங்க வேண்டாத வேலை

பென்னாகரம் பக்கத்துக் கிணறுகளில் பம்புசெட்டு மேலே இருக்காது. பாதி ஆழத்தில் பாறையைக் குடைந்து மேடை அமைத்து, அதில் மோட்டாரை உட்கார வைத்திருப்பார்கள். சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் படிக்கற்களில் கால் வைத்துத்தான் அங்கே போக முடியும். என் அத்தையின் கணவர் பிலவேந்திரன் மாமா, மீசை முளைத்த நாளிலிருந்து அப்படி இறங்கி ஏறி மோட்டார் பழுது பார்த்தே பிழைத்தவர். எண்பத்தைந்தாம் வருஷம் ஒரு படிக்கல் பெயர்ந்து, அதோடு அவரும் விழுந்தார். இடுப்பு எலும்பு கூடிவிட்டது. ஆனால் வலது காலை ஒரு படி உயரத்துக்குத் தூக்க முடியாமல் போயிற்று. சமதரையில் அவர் நடப்பதைப் பார்த்தால் குறை தெரியாது. கிணற்று மேட்டில் நிற்கும்போது மட்டும் முகம் வெளுத்துவிடும்.

ஆளுக்கு வேறு தொழில் தெரியாது. நிலம் அவருடைய அப்பா காலத்திலேயே போய்விட்டது. லூர்து அத்தை பாலக்கோட்டில் தக்காளி மண்டிக்குக் கூடை சுமக்கப் போனாள். மாமா வீட்டில் உட்கார்ந்து, அக்கம்பக்கத்தார் கொண்டுவரும் மண்ணெண்ணெய் ஸ்டவ்களுக்கு வாஷர் மாற்றினார். யாரோடும் பேச மாட்டார். அத்தை சாப்பாடு போட்டால் பாதியில் எழுந்துவிடுவார்.

அந்த நிலையில்தான் குப்புராஜ் ஆள் அனுப்பினார். நாகமரைத் துறையில் பரிசல் குத்தகை எடுத்தவர் அவர். மேட்டூர் அணையின் தண்ணீர் அங்கே அகலமாகத் தேங்கி நிற்கும், அக்கரையில் பண்ணவாடி. கொச்சியில் யாரோ ஒரு பணக்காரர் கடலில் ஓட்டிச் சலித்துப்போன வெள்ளைப் படகு ஒன்றை அவர் லாரியில் ஏற்றிக் கொண்டுவந்திருந்தார். கார் என்ஜினைவிடப் பெரிய என்ஜின் படகின் வயிற்றுக்குள் பின்பக்கமாக இருந்தது. அதிலிருந்து புறப்பட்டு, வெளியே தண்ணீருக்குள் தொங்கும் பகுதியை லெக் என்றார்கள். விசிறி அதன் நுனியில் சுழலும். ஆடிப் பதினெட்டுக்குத் துறையில் கூடும் கூட்டத்துக்கு முன்னால் அந்தப் படகைச் சீறவிட வேண்டும் என்பது குப்புராஜின் ஆசை. அதைப் பழுது பார்த்து ஓட்டிக் காட்டினால் மாமாதான் நிரந்தர டிரைவர். உட்கார்ந்து பார்க்கும் வேலை.

அன்றைக்கு மாமா வீட்டுக்கு வந்து அத்தையிடம் சொன்னதை நான் கேட்டேன். கான்வென்ட் விடுமுறைக்கு அவர்கள் வீட்டில் தங்கியிருந்தேன்.

"லூர்து, இனிமே கெணத்துல எறங்க வாணாம்."

அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுப்பை ஊதினாள்.

லாரிக்கு இருப்பதுபோல அந்தப் படகுக்கு ரேடியேட்டர் கிடையாது. அடியில் இருக்கும் தண்ணீரையே உறிஞ்சி, என்ஜினைச் சுற்றவிட்டு, புகையோடு பின்னால் துப்பிவிடும். அந்தத் தண்ணீரை எடுக்கும் வாய் லெக்கின் பக்கவாட்டில் கீறிவிட்டதுபோல் இருந்தது. கடலில் அது பழுதில்லாமல் ஓடியிருக்கும். அந்த வருஷம் மழை ஏமாற்றி, அணை வற்றிக் கிடந்தது. துறையோரம் லெக்கை இறக்கினால் வாயில் சேறு ஏறியது. தூக்கினால் வாய் தண்ணீருக்கு மேலே வந்து காற்றைக் குடித்தது. இரண்டு விதத்திலும் சூடு காட்டும் முள் சிவப்புக்கு ஓடியது.

படகோடு வந்த ஆங்கிலப் புத்தகத்தை மாமா என்னிடம் கொண்டுவந்தார். நான் தமிழில் சொல்லச் சொல்ல, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். லெக்கில் இருக்கும் வாயை அடைத்துவிட்டு, படகின் அடித்தகட்டில் துளை போட்டு வேறு வாய் வைக்கலாம். முன்னோக்கித் திறந்த கரண்டிபோல ஒன்றைப் பொருத்தினால் ஓடுகிற வேகத்திலேயே தண்ணீர் உள்ளே தள்ளப்படும். பின்பலகையில் கீழோரமாகவும் தகடுபோல ஒன்றை வைக்கலாம். ஆனால் அது மெதுவாகப் போகும்போது சரியாகக் குடிக்காது. அடியில் வைப்பதானால், அங்கே புடைத்துக்கொண்டு நீளவாக்கில் ஓடும் வரம்புகளுக்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது. வேகத்தில் அந்த வரம்பிலிருந்து நுரை கிளம்பி வாய்க்குள் போகும்.

மாமா கரண்டியைத் தேர்ந்தெடுத்தார். தருமபுரியில் ஒரு லேத்துப் பட்டறையில் பித்தளையில் கடைந்து வாங்கினார். படகைக் கரையில் ஒருக்களித்துச் சாய்த்துத் தட்டிப் பார்த்தபோது, வரம்பை விட்டு விலகிய இடமெல்லாம் படகின் பைபர் உடம்பு மெல்லிசாக இருந்தது. போல்ட்டை முடுக்கினால் கீறிவிடும் என்று பயந்தார். வரம்பை ஒட்டிய இடம்தான் கெட்டியாக இருந்தது. அங்கேயே துளை போட்டார். புத்தகத்தை அவர் மறக்கவில்லை. உடைவதைவிட நுரை மேல் என்று கணக்குப் போட்டார்.

முதல் ஓட்டத்தில், மெதுவாகப் போகும்வரை முள் அசையவில்லை. வேகம் கொடுத்ததும் ஏறியது. நிறுத்தினால் இறங்கியது. குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள். தண்ணீரோடு காற்றுக் குமிழி ஓடியது.

குழாயில் காற்று என்றால் கிணற்றுக்காரனுக்கு ஒரே அர்த்தம்தான் உண்டு. உறிஞ்சுகிற பக்கத்தில் எங்கோ கசிவு இருக்கிறது. பம்பு தண்ணீர் பிடிக்காதபோது எங்கள் பக்கத்தில் எல்லா விவசாயியும் ஒன்றைச் செய்வார்கள். பசுஞ்சாணியைத் தண்ணீரில் கரைத்துக் குழாயில் ஊற்றுவார்கள். அதிலிருக்கும் நார், குழாயின் அடிநுனியில் இருக்கும் புட்வால்வின் தோலிலும் இணைப்பிலும் போய் ஒட்டி, ஓட்டையை அடைத்துவிடும். பிறகு பம்பு கக்கிக்கொண்டு தண்ணீர் எடுக்கும். மாமா அதை எத்தனையோ கிணறுகளில் செய்து ஜெயித்திருக்கிறார். யோசித்துச் செய்த காரியமில்லை. கை தானாகப் போயிற்று. பரிசல்காரர் ஒருவர் வீட்டுத் தொழுவத்திலிருந்து சாணி வாங்கி, பக்கெட்டில் கரைத்து, படகின் குழாயைக் கழற்றி ஊற்றினார்.

அன்று மாலை மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். முள் நன்றாக நின்றது. மெதுவாகப் போனபோது அது முன்பும் நன்றாகத்தான் நின்றது என்பது அவருக்குத் தோன்றவில்லை. வேகமாக ஓட்டிப் பார்க்க வழியுமில்லை. முதல் ஓட்டத்தைப் பார்த்த மீன் பிடிப்பவர்கள், ஆடிப் பதினெட்டு வரை வலை கிடக்கும், விரட்டாதீர்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். மாமா வீட்டுக்கு வந்து தட்டை வழித்துச் சாப்பிட்டார். அத்தை மறுநாள் மண்டிக்குப் போகவில்லை. கோவிலில் மெழுகுவத்தி ஏற்றப் போனாள்.

பதினெட்டாம் நாள் துறை முழுக்க ஜனம். குப்புராஜ் வெள்ளை வேட்டியில் சேலத்து மருமகனைக் கூட்டிக்கொண்டு படகில் ஏறினார். மாமா புதுச்சட்டை போட்டிருந்தார். கரையோரம் மெல்ல நகர்ந்து, ஆழம் வந்ததும் விசையை முழுக்கத் தள்ளினார். படகின் மூக்கு தூக்கியது. கரையில் பிள்ளைகள் கத்திய சத்தம் அடங்குவதற்குள் நடுத்தண்ணீரில் வெள்ளையாக ஆவி எழுந்தது. என்ஜின் ஒரு தடவை இறுகக் கத்திவிட்டு நின்றது.

பரிசல்கள் போய்க் கயிறு கட்டி இழுத்துவந்தன. மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள். கரையில் வைத்து மாமாவே மூடியைக் கழற்றினார். எண்ணெயைக் குளிரவைக்கும் சிறு குழாய்களின் வாயில் வைக்கோல் நாரும் சாணியும் கருகி அப்பியிருந்தன. தண்ணீரை உறிஞ்சும் பம்பின் ரப்பர் இறக்கைகள் பிய்ந்து போயிருந்தன. வரம்பு நுரையில் பாதித் தண்ணீர் குறைந்தது. மீதியை அவர் ஊற்றியது அடைத்துக்கொண்டது.

மருமகன் குனிந்து முகர்ந்து பார்த்துவிட்டு, குப்புராஜின் பக்கம் திரும்பினார்.

"என்ன மாமா இது, போட்டுன்னு கூட்டியாந்தீங்க. வாசல் தெளிச்சு வெச்சிருக்குது?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். குப்புராஜும் சிரிக்க வேண்டியதாயிற்று. சிரித்து முடித்ததும் மாமாவிடம், "மேஸ்திரி, சாவியக் குடுத்துட்டுப் போங்க," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. மாமா சாவியை அவர் கையில் வைத்தார். என்ஜின் உள்ளே பூட்டிக்கொண்டுவிட்டது. அதைத் திருப்ப யாராலும் ஆகவில்லை. படகு கரையில் தார்ப்பாய்க்குள் கிடந்தது. துறையில் மாமாவுக்குச் சாணி டிரைவர் என்று பேர் விழுந்தது. அந்தப் பேர் பஸ்ஸேறி மாமாவின் ஊருக்கும் வந்தது. அதன்பின் ஸ்டவ்கூட யாரும் கொண்டுவரவில்லை.

ஐப்பசியில் நஞ்சப்பன் வந்தார். கம்பைநல்லூர்ப் பக்கம் தோட்டம் வைத்திருப்பவர், பழைய வாடிக்கை. வேறு மெக்கானிக் கிடைக்கவில்லை, பயிர் வாடுகிறது, கயிறு கட்டி இறக்கிவிடுகிறோம் என்றார். வேண்டாம் என்று அத்தை சொல்லிப் பார்த்தாள். மாமா அதற்குள் ஸ்பேனர் பையை எடுத்துக்கொண்டிருந்தார். அத்தையும் கூடவே போனாள். விடுமுறைக்கு மறுபடி வந்திருந்த நானும் போனேன்.

இடுப்பிலும் தொடையிலும் வடக்கயிறு சுற்றி, ஆட்கள் மெதுவாக விட்டார்கள். மோட்டார் மேடைக்குக் கொஞ்சம் மேலே, சுவரில் நீண்டிருந்த ஒரு கல்லுக்கும் கயிற்றுக்கும் நடுவே வலது கால் மாட்டிக்கொண்டது. அவரால் அதைத் தூக்கி விடுவித்துக்கொள்ள முடியவில்லை. பை கையிலிருந்து நழுவியது. ஒவ்வொரு ஸ்பேனராகத் தண்ணீரில் விழும் சத்தம் மேலே வந்தது. நஞ்சப்பன் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்து, மேலே இழுத்துவிடட்டுமா என்று கேட்டார்.

"இழுக்காதீங்க. வுட்டுடுங்க, எறக்குங்க," என்றார் மாமா.

"மேடையில நிக்க முடியுமாங்க, மேஸ்திரி?"

"மேடை வாணாம். அதுக்குங் கீழ வுட்டுடுங்க."

நஞ்சப்பனுக்குப் புரியவில்லை. ஸ்பேனர்களை எடுக்கத்தான் கேட்கிறார் என்று நினைத்து, இன்னும் கொஞ்சம் விடுங்கள் என்று ஆட்களுக்குக் கை காட்டினார். அத்தைக்குப் புரிந்துவிட்டது. அவள் ஆட்களை விலக்கிக்கொண்டு போய்க் கயிற்றை இரண்டு கையாலும் பிடித்தாள்.

"தூக்குங்க. எம் புருஷன மேல தூக்குங்க."

கால் உராய்ந்து, தோல் கிழிந்து, அவர் மேலே வந்தார். கிணற்று மேட்டில் மல்லாந்து கிடந்தார். நெடுநேரம் அத்தையின் முகத்தைப் பார்க்கவே இல்லை. அத்தை கயிற்றை அவிழ்க்கவில்லை. நஞ்சப்பனிடம் கேட்டு வாங்கிக்கொண்டு, ஒரு நுனி அவர் இடுப்பிலும் மறு நுனி தன் கையிலுமாக, பஸ் வரும்வரை சாலையோரம் உட்கார்ந்திருந்தாள். பஸ்ஸில் வந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். அவள் பிடியை விடவில்லை.

அதற்குப் பிறகு அவள் மண்டிக்குப் போகும்போதெல்லாம் அவரையும் கூட்டிக்கொண்டு போனாள். கூடைகளுக்குப் பக்கத்தில், தன் கண்ணில் படும் இடத்தில், அவரை உட்கார வைப்பாள். அவர் உட்கார்ந்திருப்பார்.