பெரியம்மா தந்த பானை

என் அம்மாவின் முதலும் கடைசியுமான வியாபாரத்தைக் கவிழ்த்தவள் நான். அப்போது எனக்கு ஒன்பது வயது. அதற்கு ஒரேயொரு வசனம் போதுமாக இருந்தது, அதையும் மொழிபெயர்ப்பு என்ற பெயரில்தான் சொன்னேன். வீட்டில் இன்றுவரை யாரும் இதைச் சொல்லிக்காட்டியதில்லை. சொல்லிக்காட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

புலம்பெயர்ந்து வந்த குளிர்நாட்டில், மல்வேர்ன் என்ற இடத்தில் ஒரு வரிசை வீட்டில் வாடகைக்கு இருந்தோம். பக்கத்து வீட்டுக்காரி எக்குவடோரிலிருந்து வந்தவர். அவருக்கு நீளமான, அழகான பெயர் ஒன்று உண்டு. எங்களுக்கு அவர் சட்டி அன்ரி. எவர்சில்வர் சட்டிகளை வீடு வீடாகக் கொண்டுபோய், அங்கேயே சமைத்துக் காட்டி விற்பார். வந்த புதிதில் அலுவலகக் கட்டடங்களில் கக்கூஸ் கழுவியவருக்கு இப்போது கீழே பதினொரு பெண்கள். மெக்சிக்கோ, கொலம்பியா, எல் சல்வடோர் என்று ஆளுக்கொரு நாடு, எல்லோருக்கும் ஒரே பாஷை. சனிக்கிழமைகளில் பிள்ளைகுட்டிகளோடு அவர் வீட்டில் கூடுவார்கள். யாராவது புதிதாக ஒருத்தியைச் சேர்த்துவிட்டால் சட்டி மூடியில் கரண்டியால் தட்டுவார்கள். எங்கள் சுவர் அதிரும்.

"துவங்கீட்டினம், பூசை," என்பார் அப்பா.

அம்மாவுக்கு அந்தச் சத்தம் வேறுமாதிரிக் கேட்டிருக்க வேண்டும். அவர் குளிரூட்டிய கேக்குகளைப் பெட்டியில் அடுக்கும் தொழிற்சாலைக்கு விடியற்காலை பஸ் எடுத்துப் போய்வந்தார். ஒருநாள் வாசலில் சட்டி அன்ரி அம்மாவின் கையைப் பிடித்து, வெடித்துப்போன விரல்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். அடுத்த சனிக்கிழமை அம்மா அந்தக் கூட்டத்தில் இருந்தார். அம்மாவின் ஆங்கிலமாக நான் பக்கத்தில் இருந்தேன்.

அங்கேதான் அந்த வித்தையைப் பார்த்தேன். பழைய அலுமினியப் பானை ஒன்றிலும் புதுச் சட்டியிலும் தண்ணீர் கொதிக்கவைத்து, இரண்டிலும் ஒவ்வொரு கரண்டி அப்பச்சோடா போட்டு, ஆறவைத்துக் குடிக்கக் கொடுப்பார்கள். புதுச் சட்டித் தண்ணீரில் வெறும் சோடா ருசிதான் இருக்கும். பழைய பானைத் தண்ணீர் நாக்கில் பட்டதும் முகம் கோணிவிடும். அன்று ஒரு கொலம்பியப் பெண் தன் தாயின் பானையையே தூக்கி வந்திருந்தாள், தாயையும் கூட்டிக்கொண்டு. ஒரு வாய் குடித்தாள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கம்பளத்தில் விழுந்து செத்துப்போனதுபோல் நடித்தாள். தாய் செருப்பைக் கழற்றி எறிந்தார். எல்லோரும் கண்ணீர் வரச் சிரித்தார்கள். எல்லோரையும்விடத் தாய்தான் பெரிதாகச் சிரித்தார். அன்றைக்கே அவர் தனக்கும் சட்டிகள் வேண்டும் என்று பெயர் கொடுத்தார். நான் எல்லாவற்றையும் கவனித்து மனதில் பதித்துக்கொண்டேன்.

அம்மாவுக்கு வைக்கப்பட்ட சோதனை எளிது. எங்கள் ஆட்களை வீட்டுக்கு அழைத்து ஒருமுறை சமைத்துக் காட்ட வேண்டும். வந்தவர்களில் மூன்று பேர் 'எங்கள் வீட்டிலும் செய்யுங்கள்' என்றால் அம்மா விற்பனைக்காரி.

"மூண்டு வீடு கிடைச்சால் கேக் வேலையை விட்டுடுவன்," என்றார் அம்மா.

"கிடைச்சால் எல்லோ," என்றார் அப்பா.

ஞாயிறு பின்னேரம் எட்டுப் பேர் வந்தார்கள். சோபாவின் நடுவில் பெரியம்மா. அம்மாவின் அக்கா, நாங்கள் இந்த நாட்டுக்கு வந்தபோது எங்களை இரண்டு வருடம் தன் பேஸ்மென்டில் வைத்திருந்தவர். அவர் சரி என்றால் மற்ற ஏழு பேரும் சரி. வந்தவர்களை வெறும் வயிற்றோடு இருத்தக் கூடாது என்று அம்மா காலையிலேயே ரோல்ஸ் பொரித்துவைத்து, வந்ததும் தேநீரோடு கொடுத்துவிட்டார்.

சட்டி அன்ரி எண்ணெயும் தண்ணீரும் இல்லாமல் கோழியை அவித்துக் காட்டினார்.

"தூளும் இல்லை, எண்ணெயும் இல்லை. ஆஸ்பத்திரியிலை உந்தச் சாப்பாட்டைத்தானே தாறவங்கள்?" என்றார் பெரியம்மா. எல்லோரும் சிரித்தார்கள். நல்ல சிரிப்பு. நான் அதை ஆங்கிலமாக்கியதும் சட்டி அன்ரியும் சிரித்தார்.

"அடுத்த கிழமை என்ர வீட்டை வையுங்கோவன்," என்றார் பெரியம்மாவுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு மாமி. பின்வரிசையில் இன்னொருவரும் கை தூக்கினார். இரண்டு. அம்மா பெரியம்மாவைப் பார்த்தார்.

"பாப்பம், பாப்பம்," என்றார் பெரியம்மா. அவருடைய அகராதியில் அது முக்கால்வாசி ஓம்.

அடுத்தது தண்ணீர் வித்தை. அதற்கென்று அம்மா யாரோ தெருவோரத்தில் வைத்துவிட்டுப் போன தண்ணீர் கொதிக்கவைக்கும் சின்ன அலுமினியக் கேத்தில் ஒன்றைத் துடைத்து வைத்திருந்தார். எனக்கு அது சப்பென்று இருந்தது. முகம் தெரியாத ஒருவரின் கேத்திலைப் பார்த்து யார் சிரிப்பார்கள்? குசினிக்கு ஓடி, அடித்தட்டிலிருந்து சோற்றுப் பானையை இழுத்து வந்தேன். எங்கள் வீட்டில் கட்டிலிலிருந்து கரண்டிவரை யாரோ ஒருவர் தந்ததுதான். அந்தப் பானை பெரியம்மா தந்தது. எனக்கு அது தெரியும். தெரிந்துதான் எடுத்தேன்.

"அதைக் கொண்டுபோய் வை, பிள்ளை," என்றார் அம்மா. குரல் மெதுவாக வந்தது. கண்கள் வேறு ஏதோ சொல்லின. அதற்குள் சட்டி அன்ரி "பெர்ஃபெக்ட், மி அமோர்!" என்று என்னைக் கொஞ்சிவிட்டுப் பானையை வாங்கித் தண்ணீர் பிடிக்கத் தொடங்கிவிட்டார்.

மூத்தவர் என்பதால் முதல் கோப்பை பெரியம்மாவுக்கு. ஒரு வாய் குடித்தார். முகம் கோணியது. சட்டி அன்ரி எல்லா வீட்டிலும் சொல்லும் வசனத்தை அன்பாகவே சொன்னார்: பிள்ளைகளுக்கு இத்தனை காலமும் கொடுத்தது இதைத்தான், பார்த்தீர்களா?

நான் கொஞ்சம் காரம் சேர்த்தேன். "இந்தப் பானையிலை சமைச்சுத் தந்து எங்களுக்கு இவ்வளவு காலமும் நஞ்சூட்டியிருக்கினம்!" என்று உரத்துச் சொல்லி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கம்பளத்தில் விழுந்து செத்தேன்.

ஒருவரும் சிரிக்கவில்லை. ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன்.

"உது நான் தந்த பானையெல்லே?" என்றார் பெரியம்மா.

"அக்கா, அவள் சின்னப்பிள்ளை..."

"சின்னப்பிள்ளை தானாக் கதைக்குமே? வீட்டிலை கேட்டதைத்தான் கதைக்கும். ரெண்டு வரியம் என்ர வீட்டிலை உங்களுக்கு நஞ்சே தந்தனான்?"

வந்ததும் வாங்கிய தேநீர்க் கோப்பையையும் மேசையில் வைத்தார். அந்தத் தேநீரில் ஒரு வாய்கூடக் குடித்திருக்கவில்லை. அவர் எழும்ப, மற்றவர்களும் எழும்பினார்கள். மாமி சப்பாத்தைப் போட்டுக்கொண்டே, "பிறகு சொல்லுறன் என்ன," என்றார். இரண்டாவது கைக்காரி அதையும் சொல்லவில்லை.

சட்டி அன்ரி என்னிடம் கேட்டார்: கோழி பிடிக்கவில்லையா? அவர்களுக்கு வேலை இருக்கிறது என்றேன். அவர் அம்மாவைக் கட்டிப்பிடித்தார். "வேறு ஆட்களைக் கூப்பிடு," என்றார். இரண்டு கிழமை பொறுத்திருந்துவிட்டுத்தான் சட்டிகளை எடுத்துப்போனார். அம்மாவிடம் வேறு ஆட்கள் இல்லை.

அதன்பிறகு பெரியம்மா எங்கள் படியேறவில்லை. கல்யாண மண்டபங்களில் கண்டால் வெயிலையும் பனியையும் பற்றி அம்மாவோடு இரண்டு சொல் கதைப்பார். சட்டி அன்ரி விட்பியில் புதுவீடு வாங்கினார். ஒவ்வொரு டிசம்பரிலும் நத்தாருக்கு அவர் அனுப்பும் வாழ்த்து மட்டையில் அவரும் அவருடைய பெண்களும் ஆளுக்கொரு மூடியைத் தூக்கிப் பிடித்துச் சிரிக்கிறார்கள். வருடா வருடம் கூட்டம் கூடிக்கொண்டே போகிறது. அந்தக் கொலம்பியத் தாயும் அதில் நிற்கிறார். அம்மா இன்னமும் விடியற்காலை பஸ்ஸில் போகிறார்.

அன்று எல்லோரும் போனபின் அடி வாங்கத் தயாராகக் குசினிக்குள் போனேன். அம்மா எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். பானையில் மிஞ்சியிருந்த கலங்கல் தண்ணீரைக் கிளாசில் ஊற்றி, நின்றபடியே கடைசிச் சொட்டுவரை குடித்தார். முகம் கோணவில்லை.

"அம்மா, அது கூடாது!" என்று கத்தினேன்.

"நல்லாத்தான் இருக்கு," என்றார்.

பிறகு பானையைக் கழுவி, இரவுச் சோற்றுக்கு அதிலேயே உலை வைத்தார். இவ்வளவு தெளிவாகக் காட்டியும் அம்மாவுக்கு விளங்கவில்லையே என்று எனக்குப் பாவமாக இருந்தது. ஆங்கிலத்தில் பிடிபட்டிருக்காது என்று நினைத்தேன். அதனால் கதிரையை இழுத்துப்போட்டு அடுப்படியில் உட்கார்ந்து, சோடாவையும் அலுமினியத்தையும் பற்றி, முதலிலிருந்து, ஆறுதலாக, அவசரப்படாமல், தமிழில் அவருக்கு விளங்கப்படுத்தத் தொடங்கினேன்.